ஐஸ், தண்ணி, ஆவி: வீட்டிலயே செய்து பாத்து விளங்கிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில, கச்சான் காத்து அடிக்கிற காலத்து ஒரு பின்னேரம், தரம் 9 பிள்ளையளுக்கு திண்மம் திரவம் வாயு படிப்பிச்சுக் கொண்டிருக்கிறன், ஃபேன் சுத்துது ஆனா வெக்கை குறையல்ல, அப்ப கடலுக்குப் போற குடும்பத்துப் பொடியன் ஒராள் எழும்பிக் கேட்டான், "சேர், உருகிற ஐஸும் பூச்சியம் டிகிரி, உருகி வந்த தண்ணியும் பூச்சியம் டிகிரி எண்டு சொல்லுறீங்கள், அப்ப ரெண்டும் ஒரே குளிர்தானே, பிறகு என்னத்துக்கு அப்பா ஒவ்வொரு நாளும் காசு குடுத்து ஐஸ் வாங்குறார், குளிர்தண்ணிய ஊத்தினாக் காணாதா?"

இந்தப் பாடத்தில இதை விடப் பெரிய கேள்வி இல்ல. அண்டைக்கு அவனுக்கு போர்ட்டில எழுதிக் காட்டினதையும், பிறகு பிள்ளையளோட சேந்து குசினியில செய்து பாத்ததையும் ஒழுங்காச் சேத்து இதில எழுதுறன். தாய் தகப்பன் பக்கத்தில இருந்து செய்யுங்கோ, நெருப்பு இருக்கு, கொதிதண்ணி இருக்கு.

முதல்ல சாமான்

ஐஸ் ஒரு கிலோ, ஒரு சின்னச் சட்டி, உப்பு, கற்பூரம், பாமசியில வாங்கின ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒண்டு, மணிக்கூடு, கொப்பி பென்சில். அதோட லாப்பில பாவிக்கிற தெர்மோமீற்றர், மைனஸ் 10 இலிருந்து 110 வரைக்கும் காட்டுறது. தயவுசெய்து வீட்டில இருக்கிற காய்ச்சல் பாக்கிற தெர்மோமீற்றரை எடுக்க வேண்டாம், அது 35 இலிருந்து 42 வரைக்கும்தான், கொதிதண்ணியில வைச்சா உடையும், பழைய வகை எண்டா உள்ள இருக்கிற பாதரசம் சாப்பாட்டுச் சட்டியில கொட்டும், அது நஞ்சு.

ஸ்டெப் 1: சிரிஞ்சை அமத்திப் பாருங்கோ

சிரிஞ்சில காத்தை இழுங்கோ, வாயை விரலால இறுக்கி மூடுங்கோ, இப்ப பின்னால அமத்துங்கோ. பாதிக்குக் கிட்டப் போகும், விட்டா திரும்பி வரும். இப்ப அதே சிரிஞ்சில தண்ணிய முழுசா இழுத்து, காத்துக் குமிழி ஒண்டும் இல்லாமப் பாத்து, அதே மாதிரி அமத்துங்கோ. அசையாது. விரல்தான் நோகும்.

ஏன் எண்டா வாயுவில துணிக்கையள், அதாவது பொருளை ஆக்கியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னத் துண்டுகள், ஒண்டுக்கொண்டு நல்ல தூரத்தில இருக்கு, நடுவில வெறும் இடம், அமத்தினா கிட்ட வரும். தண்ணியில ஏற்கனவே முட்டிக்கொண்டுதான் இருக்கு, கிட்ட வர இடம் இல்ல, ஆனா ஒண்டை ஒண்டு வழுக்கிக்கொண்டு இடம் மாறும், அதாலதான் ஊத்த ஏலும். திண்மத்தில அந்த இடமாத்தமும் இல்ல, நிண்ட இடத்தில நடுங்கிக்கொண்டு நிக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில பிள்ளையள் கட்டாயம் கேப்பாங்கள், அப்ப கடற்கரை மணல் ஊத்துப்படுதே, அது திரவமா எண்டு. இல்ல. ஒரு மணியை எடுத்துப் பாருங்கோ, அது தன்ர வடிவத்தை விடாது. டச்சுபே மணலோ புல்மோட்டையில இல்மனைற்று எண்ட தாதுக்காக அள்ளுற கறுப்பு மணலோ, ஒவ்வொரு மணியும் திண்மம், கூட்டம்தான் ஓடுது. கோப்பையில கொட்டினா கும்பமாக் குவியும், தண்ணி அப்பிடிக் குவியாது.

ஸ்டெப் 2: ஐஸை உருக்கி ஒவ்வொரு அரை நிமிஷமும் எழுதுங்கோ

இதுதான் நடுப்பாகம், இதுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கோ, அவசரப்பட்டா வீண்.

ஐஸ் அரைக்கிலோவை துணியில சுத்தி உலக்கையால தட்டி சின்னத் துண்டுகளா ஆக்குங்கோ. சட்டியில போட்டு ஒரு சொட்டுக் குளிர்தண்ணி விடுங்கோ, தெர்மோமீற்றர்ர குமிழ் எல்லாப் பக்கமும் நனைஞ்சிருக்க வேணும், இல்லாட்டி வெளிக்காத்தின்ர வெக்கையத்தான் காட்டும். அடுப்பை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைச்சு வைச்சு, பிறகு அந்தத் திருகாணியைத் தொடவே கூடாது, கடைசி வரைக்கும் ஒரே சூடு போக வேணும். கரண்டியால ஓயாமக் கலக்குங்கோ, குமிழ் சட்டியின்ர அடியில முட்டாமப் பிடியுங்கோ, ஒராள் மணிக்கூடு பாக்க, ஒராள் வாசிக்க, ஒராள் எழுத.

எழுதிக்கொண்டு போகேக்க பிள்ளையள் பொறுமை இழப்பாங்கள், ஏனெண்டா கொப்பியில 0, 0, 0, 0 எண்டுதான் வரும். அடுப்பு எரியுது, சட்டி சூடு, ஆனா தெர்மோமீற்றர் அசையுதில்ல. கடைசித் துண்டு ஐஸ் மறையிற வரைக்கும் அப்பிடித்தான், அதுக்குப் பிறகு திடீரெண்டு ஏறத் தொடங்கும், 5, 11, 18 எண்டு, நிக்காமப் போய் 100க்குக் கிட்ட வந்து திரும்பவும் நிண்டிடும். தெர்மோமீற்றர் 98, 99 எண்டு காட்டினாப் பயப்பட வேண்டாம், மலிவுச் சாமான் அப்பிடித்தான், நிக்கிறதுதான் முக்கியம்.

இதை கிராஃப்பா கீறுங்கோ, கிடைக்கோட்டில நேரம், நிலைக்கோட்டில வெப்பநிலை. ரெண்டு படிக்கட்டு மாதிரி வரும். தட்டையா இருக்கிற அந்த ரெண்டு இடத்திலயும் சூடு போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனா துணிக்கையளை வேகமா ஓடவைக்க அது போகல்ல, அதுகள் ஒண்டை ஒண்டு பிடிச்சிருந்த பிடியை விடுவிக்கப் போயிருக்கு. அதைத்தான் மறைவெப்பம் எண்டுறது, எவ்வளவு பொருத்தமான பேர், தெர்மோமீற்றருக்கு மறைஞ்சு போன வெப்பம். ஸ்கொட்லாந்தில ஜோசப் பிளாக் எண்டவர் 1760கள்ளயே இதைக் கண்டுபிடிச்சிட்டார், துணிக்கையளைப் பற்றி ஒண்டும் சரியாத் தெரியாத காலத்தில, இதே மாதிரி தெர்மோமீற்றரையும் பொறுமையையும் வைச்சு.

கணக்கைப் பாருங்கோ, யூல் எண்டது வெப்பத்தை அளக்கிற அலகு. ஒரு கிலோ ஐஸ் 0 டிகிரியில தண்ணியா மாற 334 கிலோ யூல் வேணும். அந்தத் தண்ணி 0 இலிருந்து 100க்கு ஏற 420 கிலோ யூல். 100 டிகிரித் தண்ணி முழுசா ஆவியாப் போக கிட்டத்தட்ட 2260 கிலோ யூல். அதாவது ஒரே அளவு சூட்டில உருக 8 நிமிஷம் எடுத்தா, கொதிநிலைக்கு வர 10 நிமிஷம், சட்டி வத்திப் போக 54 நிமிஷம். வத்துற வரைக்கும் வைக்காதீங்கோ, சட்டி போயிடும், கொதிச்சு அஞ்சு நிமிஷம் நிண்டதைப் பாத்தாக் காணும்.

இப்ப பொடியன்ர கேள்விக்கு வாறன்

பத்துக் கிலோ மீன், பிடிச்சு வந்து 30 டிகிரியில கிடக்கு எண்டு வையுங்கோ. ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி இறக்க கிட்டத்தட்ட 3.6 கிலோ யூல் வெளிய எடுக்க வேணும், அப்ப 0க்கு கொண்டுவர 10 ஐ 3.6 ஆல பெருக்கி 30 ஆல பெருக்கினா 1080 கிலோ யூல்.

ஒரு கிலோ குளிர்தண்ணி, 0 டிகிரியில, ஊத்துறம். ரெண்டும் சேந்து போய் நிக்கிற இடம் ஏறக்குறைய 27 டிகிரி. மீனுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. அதே ஒரு கிலோ, அதே 0 டிகிரி, ஆனா ஐஸ். உருகேக்க முதல்ல 334 கிலோ யூலை மீனிலிருந்து உறிஞ்சிடும், பிறகுதான் தண்ணியா நிண்டு கலக்கும், 18, 19 டிகிரிக்கு இறங்கும். மீன் முழுசா 0க்கு வர 1080 ஐ 334 ஆல பிரிச்சா மூண்டேகால் கிலோ ஐஸ் காணும்.

ஆனா அது பெட்டிக்குள்ள வெளிச்சூடு போகாது எண்டு வைச்சுப் போட்ட கணக்கு. எங்கட வெயிலில ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியைத் திறந்து மூட, ஓட்டோவில கந்தளாய்ப் பக்கம் கொண்டு போக, அதுக்கு வேற ஐஸ் வேணும், அதாலதான் அனுபவம் உள்ள ஆக்கள் மீன் ஒரு பங்கு எண்டா ஐஸும் ஒரு பங்கு போடுறவை. ஐஸை உடைச்சுப் போடுறதுக்கும் காரணம் இருக்கு, பெரிய பாளம் மீனை ஒரு பக்கத்திலதான் தொடும், நொறுக்கினது எல்லாப் பக்கமும் தொடும். அப்பா காசு குடுக்கிறது குளிருக்கு இல்ல, அந்த 334க்கு.

சொல்லுல வாற சிக்கல்

நாங்கள் வீட்டில "ஐஸ் கரைஞ்சிட்டு" எண்டுதான் சொல்லுவம், "சீனி கரைஞ்சிட்டு" எண்டும் சொல்லுவம், கதைக்கேக்க ஒரு பிழையும் இல்ல. ஆனா விஞ்ஞானத்தில ரெண்டும் ரெண்டு வேலை. ஐஸ் உருகினது, தனிய, சூடு மட்டும் போய். சீனி தேத்தண்ணிக்குள்ள கரைஞ்சது, அதுக்கு தண்ணி எண்டு இன்னொரு ஆள் தேவைப்பட்டது, சீனித் துணிக்கையள் தண்ணித் துணிக்கையளுக்கு நடுவில போய் நிண்டிட்டு. உப்பைத் தண்ணியில போட்டா சாதாரண வெப்பநிலையில கரையும், அதையே தனிய உருக்கப் போனா 801 டிகிரி வேணும், எங்கட அடுப்பில நடக்காது.

"உறையுது" எண்ட சொல்லும் அப்பிடித்தான். தண்ணி உறையும், தேங்காயெண்ணெய் உறையும், மூதூர் எருமைத் தயிரும் உறையும், காயத்தில ரத்தமும் உறையும், நாலுக்கும் ஒரே சொல்லு. முதல் ரெண்டும் நிலைமாத்தம், சூடாக்கினா திரும்பி வரும். தயிரை எவ்வளவு சூடாக்கினாலும் பாலாகாது, ஏனெண்டா அங்க பற்றீரியா அமிலம் உண்டாக்கி பால்ப் புரதத்தையே மாத்திப்போட்டுது. சோதினைத் தாளில இந்தச் சொல்லுக் குழப்பத்தால புள்ளி விடுற பிள்ளையளை எத்தினையோ பேரைப் பாத்திட்டன், விளக்கம் தெரிஞ்சிருந்தும் சொல் பிழைச்சுப் போகும்.

தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியில உறையும். எங்கட ஊரில போத்தலுக்குள்ள வருசம் முழுக்க திரவமாத்தான் இருக்கும், மார்கழி விடியக்காலையில சிலவேளை மங்கலாகும். அதையே நுவரெலியாவுக்குக் கொண்டு போனா காலமையில கரண்டியால சுரண்ட வேணும். எண்ணெய் அதேதான், இடத்தின்ர வெப்பநிலைதான் வேற.

ஸ்டெப் 3: கொதிக்கிற சட்டிக்கு முன்னால கொஞ்ச நேரம் நில்லுங்கோ

தண்ணி சூடாக, முதல்ல அடியிலயும் ஓரத்திலயும் சின்னச் சின்னக் குமிழி ஒட்டும். அது தண்ணிக்குள்ள கரைஞ்சிருந்த காத்து. பிறகு பெரிய குமிழி அடியிலிருந்து உருண்டு வந்து மேல உடையும், அது காத்து இல்ல, அதுதான் நீராவி, தண்ணியே வாயுவாகி நிக்குது. ஒரு லீற்றர் தண்ணி முழுசா ஆவியானா அந்தச் சூட்டில கிட்டத்தட்ட 1670 லீற்றர் இடம் பிடிக்கும்.

இப்ப அடுப்பைக் கூட்டுங்கோ. தெர்மோமீற்றர் ஏறாது. கூட்டின சூடு முழுக்க கூட ஆவி போறதுக்குத்தான் செலவாகுது. அப்ப பருப்புக் கொதி வந்த பிறகும் அடுப்பை முழுசா எரியவிட்டா பருப்பு கெதியா அவியாது, காஸ்தான் கெதியா முடியும். மூடியைப் போட்டு, சின்னதாக் கொதிக்கிற அளவுக்குக் குறைச்சாக் காணும், காஸ் விக்கிற விலைக்கு இந்த ஒரு விசயமே பெரிய லாபம்.

கொதிநிலை 100 எண்டு கல்லில வெட்டின கணக்கு இல்ல, மேல அமத்துற காத்தின்ர அமுக்கத்தோட மாறும். நாங்கள் கடல்மட்டத்தில இருக்கிறம், அதால 100. நுவரெலியா கிட்டத்தட்ட 1870 மீற்றர் உயரம், அங்க 94 டிகிரியிலயே கொதிச்சிடும், அதாலதான் அங்க பருப்பு அவிய நேரம் எடுக்குது. பிரஷர் குக்கருக்குள்ள எதிர்ப்பக்கம், ஆவியை அடைச்சு அமுக்கத்தைக் கூட்டி 120 டிகிரி வரைக்கும் கொண்டு போறம்.

ஸ்டெப் 4: கொதிக்காமலே ஆவியாகிறது

ரெண்டு கோப்பையில ஒரே அளவு தண்ணி, ஒண்டை முத்தத்தில காத்துப் படுற இடத்திலயும் மற்றதை அலுமாரிக்குள்ளயும் வையுங்கோ. கச்சான் காத்து அடிக்கிற வைகாசி, ஆனி, ஆடியில எண்டா முத்தத்துக் கோப்பை கண்ணுக்கு முன்னாலயே குறையும். காத்து காய்ஞ்சு வருது, மேற்பரப்பில வேகமா ஓடுற துணிக்கையள் தப்பிப் போகப் போக அதுகளை அள்ளிக்கொண்டு போகுது. வாடைக் காலத்தில காத்துக்குள்ள ஏற்கனவே ஈரம், உடுப்பு ரெண்டு நாளாக் கயித்தில கிடந்தும் காயாது, மணம் வரும்.

கையில கொஞ்சம் ஓடிக்கலோன் பூசி ஊதிப் பாருங்கோ, சில்லெண்டும். வேகமான துணிக்கையள் போனா மிச்சம் மெதுவானதுகள்தானே, அதோட போறதுகள் தங்கட மறைவெப்பத்தை உங்கட தோலிலிருந்துதான் எடுக்குது. வேர்வையும் மண்பானைத் தண்ணியும் இதே கதைதான். பானையை பிளாஸ்ரிக் கேனால மாத்தின வீடுகள்ள தண்ணி ஏன் வெதுவெதுப்பா இருக்கு எண்டு கேக்கிறவைக்கு இதுதான் பதில், பிளாஸ்ரிக்கில கசியத் துவாரம் இல்ல.

கன்னியாவுக்குப் போயிருப்பீங்கள், ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. ஆக்கள் "கொதிதண்ணி" எண்டு சொன்னாலும் அது கொதிக்கிறதில்ல, 40 டிகிரிக்குக் கிட்டத்தான், வாளியால அள்ளித் தலையில ஊத்துறம்தானே. அந்தத் தண்ணி ஆவியாகும், ஆனா கொதிக்காது. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில மட்டும் நடக்கும், கொதித்தல் குறிப்பிட்ட வெப்பநிலையில தண்ணிக்குள்ள முழுக்க நடக்கும்.

ஸ்டெப் 5: கடல்தண்ணியிலிருந்து உப்பு

ஒரு லீற்றர் கடல்தண்ணி எடுங்கோ, உட்துறைமுகப் பக்கம் வேண்டாம், உப்புவெளி மாதிரித் திறந்த கடலில எடுங்கோ. துணியால வடிச்சு, அகலமான தட்டையான தட்டில வெயிலில வையுங்கோ, பூச்சி விழாம வலை போடுங்கோ. முழுசாக் காய்ஞ்சா கிட்டத்தட்ட 35 கிராம் உப்புக்கள் மிஞ்சும். இது சமைக்கிறதுக்கு இல்ல, பாக்கிறதுக்கு மட்டும்.

நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தில ஏன் பாத்தி பாத்தியாக் கட்டி தண்ணிய மாத்தி மாத்தி விடுறாங்கள் எண்டு பிள்ளையள் கேப்பாங்கள். கடல்தண்ணியில ஒரு உப்பு இல்ல, கன உப்பு இருக்கு, தண்ணி வத்த வத்த அதுகள் ஒரு ஒழுங்கில படியும். முதல்ல சுண்ணாம்பு வகை, பிறகு அஞ்சில ஒரு பங்காக் குறையிற கட்டத்தில ஜிப்சம், பத்தில ஒரு பங்குக்கு வரேக்கதான் நாங்கள் சாப்பிடுற உப்பு. கடைசியா மிஞ்சிற தண்ணியில மக்னீசிய உப்பு, கசக்கும், அதை வெளிய விட்டிடுவாங்கள். ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு கட்டம்.

இதை அடுப்பில செய்ய ஏலாதா எண்டா ஏலும், ஆனா அந்த 2260ஐ மறக்க வேண்டாம். ஒரு லீற்றரை வத்த வைக்க, அடுப்புச் சூட்டில பாதி வீணாப் போற கணக்கில, 100 கிராமுக்கு மேல காஸ் எரிஞ்சு கையில வாறது 35 கிராம் உப்பு. வெயிலும் கச்சானும் அந்த வேலையைச் சும்மா செய்து தருது, அதாலதான் உப்பளம் இந்தக் கரையில இருக்கு.

ஸ்டெப் 6: ஆவி திரும்பத் தண்ணியாகிறது

ஒரு கண்ணாடிக் கிளாஸில பீற்றூட் சாறு கலந்த தண்ணியும் ஐஸும் போடுங்கோ. அஞ்சு நிமிஷத்தில வெளிப்பக்கம் வேர்க்கும். துடைச்சுப் பாருங்கோ, அந்தத் துளிக்கு நிறம் இல்ல. உள்ளிருந்து கசிஞ்சிருந்தா சிவப்பா வந்திருக்கும், இது காத்தில இருந்த நீராவி, குளிர்ந்து ஒடுங்கினது.

கேத்தில் மூக்கை உத்துப் பாருங்கோ. மூக்கு வாயிலிருந்து ஒரு விரலிடை தூரம் ஒண்டும் தெரியாது, அதுக்கு அங்கால வெள்ளைப் புகை. ஒண்டும் தெரியாத இடம்தான் நீராவி. வெள்ளையாத் தெரியிறது ஆவி இல்ல, ஏற்கனவே ஒடுங்கின சின்னத் தண்ணித் துளிகள்.

அந்தத் தெரியாத இடத்தில கையை வைக்க விடாதீங்கோ. ஒரு கிராம் கொதிதண்ணி தோலில பட்டு உடம்புச் சூட்டுக்கு இறங்கினா 265 யூல் விடும். ஒரு கிராம் நீராவி முதல்ல தண்ணியா ஒடுங்கி தன்ர மறைவெப்பத்தைக் கொட்டி, பிறகு அந்த 265ஐயும் விடும், கூட்டினா 2500க்கு மேல, ஒன்பது மடங்குக்கும் கூட. புட்டுப் பானையையோ இடியப்பச் சட்டியையோ திறக்கேக்க மூடியை உங்கட பக்கம் சரிச்சுத் தூக்காம, மற்றப் பக்கம் சரிச்சு, முகத்தைத் தள்ளி வைச்சுத் திறவுங்கோ, சின்னப் பிள்ளையளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் குடுங்கோ.

ஸ்டெப் 7: உப்புப் போட்டா ஐஸ் இன்னும் குளிரும்

நொறுக்கின ஐஸ் மூண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, ஒரு வாளியில கலந்து தெர்மோமீற்றரை வையுங்கோ. 0க்குக் கீழ இறங்கி மைனஸ் 10க்குக் கீழ போகேக்க தெர்மோமீற்றரை எடுத்திடுங்கோ, அதின்ர எல்லை அவ்வளவுதான். உப்பு தண்ணியின்ர உறைநிலையை இறக்குது, ஐஸ் உருக வேண்டி வருது, உருகத் தேவையான சூட்டை அந்தக் கலவையிலிருந்தே எடுக்குது, இப்பிடி மைனஸ் 21 வரைக்கும் போக ஏலும். சீனி போட்ட பாலை பொலித்தீன் பேக்கில இறுக்கிக் கட்டி அதுக்குள்ள வைச்சு ஆட்டினா ஐஸ்கிறீம். துணியால பிடியுங்கோ, வெறும் கையால பிடிச்சா தோல் புண்ணாகும்.

இதோட ஒண்டு, கண்ணாடிப் போத்தலில தண்ணி நிரப்பி ஃப்ரீஸரில வைக்காதீங்கோ. கன பொருள் உறைஞ்சாச் சுருங்கும், தண்ணியோ எதிர்ப்பக்கம், 9 சதவீதம் மட்டில விரியும், போத்தல் வெடிக்கும். ஐஸ் மிதக்கிறதும் அதாலதான்.

ஸ்டெப் 8: கற்பூரம்

நல்லாக் காய்ஞ்ச கண்ணாடிப் போத்தலில நாலு கற்பூரக் கட்டியைப் போட்டு மூடி, ஒரு பக்கம் வெயில் படுற ஜன்னலோரம் வைச்சிட்டு மறந்திடுங்கோ. கொஞ்ச நாள் போக, போத்தலின்ர குளிர்ந்த பக்கத்தில மின்னுற பளிங்குகள் ஒட்டியிருக்கும், நடுவில ஒரு சொட்டுத் திரவமும் வந்திருக்காது. திண்மம் நேர வாயுவாகி, வாயு நேர திண்மமாகினது, பதங்கமாதல். கோயிலில கொளுத்துறது இதுக்கு உதாரணம் இல்ல, அது எரியிறது, எரிஞ்சது திரும்பக் கற்பூரமா வராது.

காஸ் சிலிண்டரைப் பற்றியும் ஒரு வரி. உள்ள இருக்கிறது பெரும்பாலும் திரவம், ஆட்டினா சளக்குச் சளக்கெண்டு கேக்கும். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலயும் புரொப்பேன் மைனஸ் 42 இலயும் கொதிக்கிற சாமான், எங்கட வெக்கையில அதுகளைத் திரவமா வைச்சிருக்கிறது அமுக்கம் மட்டும்தான். பெரிய சமையலுக்கு நிறைய நேரம் எரிச்சா சிலிண்டர் வெளிப்பக்கம் வேர்த்து நிக்கும், உள்ள திரவம் ஆவியாகி மறைவெப்பத்தை இரும்பிலிருந்து எடுக்குது. ஆக்கள் லீக் எண்டு பயப்படுறது இதுக்குத்தான், மணம் இல்லாட்டி அது வெறும் தண்ணி. மணம் வந்தா மட்டும் உடன வால்வைப் பூட்டி, ஒரு சுவிச்சும் போடாம ஜன்னலைத் திறவுங்கோ.

நாலாவது நிலை பிளாஸ்மா, வாயுவை இன்னும் சூடாக்க அணுவுக்குள்ள இருக்கிற இலத்திரன் பிரிஞ்சு ஓடுற நிலை. ஐப்பசி மின்னலும் சூரியனும் அதுதான், பேர் வைச்சவர் இர்விங் லாங்மியர், 1928. வீட்டில செய்யிறதுக்கு இல்ல, ரியூப் லைட் எரியேக்க காட்டிச் சொன்னாக் காணும்.

அந்தப் பொடியன் அடுத்த கிழமை லாப் தெர்மோமீற்றர் ஒண்டை இரவலா வாங்கிக்கொண்டு போய் அப்பாவின்ர ரெஜிபோம் பெட்டிக்குள்ள ஐஸோட வைச்சு, ஒவ்வொரு மணித்தியாலமும் எழுதிக்கொண்டு வந்தான், உப்புக்கறை பட்ட கொப்பித்தாள். விடிய அஞ்சு மணிக்கு 0. ஆறுக்கு 0. ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் 0. பத்துக்கு 0, பக்கத்தில "தேசிக்காய் அளவு துண்டு மிச்சம்" எண்டு எழுதியிருந்தான். பதினொண்டுக்கு 4.